கம்பெனிப் பணத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடம்: பட்டதும் கற்றதும்

எங்கள் துறையின் முதல் மாடியில், படியேறியதும் இடதுபக்க அறை வாசலில் ஒரு பித்தளைப் பலகை இருக்கிறது. 2011இல் ஒரு மென்பொருள் நிறுவனம் எங்களுக்குக் கணினி ஆராய்ச்சிக்கூடம் அமைத்துக் கொடுத்ததற்கு அடையாளம். நிறுவனத்தின் பெயர் விரல் நீளத்துக்கு, துணைவேந்தர் பெயர் அதற்கடுத்த அளவில், துறைத்தலைவர் பெயர் கண்ணாடி போட்டுக்கொண்டு தேட வேண்டிய அளவில். திறப்பு விழாவுக்கு நாதஸ்வரம் வைத்திருந்தோம். கத்தரிக்கோல் வைத்த தட்டை ஏந்திக்கொண்டு நின்றவன் நான். அப்போது உதவிப் பேராசிரியர். இந்த மாதிரித் தட்டுகளெல்லாம் அந்தப் பதவிக்குத்தான் வந்து சேரும்.

நாற்பது கணினிகள், இரண்டு சர்வர்கள், சுழல் நாற்காலிகள், ஒரு வருட உரிமத்தோடு மென்பொருள். ஒரு வருடம் முடிந்ததும் உரிமம் முடிந்தது. புதுப்பிக்க யாரிடமும் பணம் இல்லை. மூன்றாம் வருடம் யுபிஎஸ் பேட்டரி உப்பியது. அதை மாற்றக் கேட்டுப் போன கோப்பு, ‘இது நன்கொடைப் பொருள், பராமரிப்பு யார் பொறுப்பு?’ என்ற ஒரு வரிக் குறிப்போடு திரும்பி வந்தது. சர்வர்களை இயக்கத் தெரிந்த ஒரே எம்.இ. மாணவன் படிப்பை முடித்துக்கொண்டு பெங்களூரு போய்விட்டான். இப்போது அந்த அறையில் இரண்டாமாண்டு பிள்ளைகளுக்கு சி மொழிப் பயிற்சி நடக்கிறது. அதுவும் நல்ல காரியம்தான். ஆனால் அங்கிருந்து ஒரு ஆராய்ச்சிக் கட்டுரைகூட வெளிவரவில்லை.

குறை சொல்வதானால் எங்களைத்தான் சொல்ல வேண்டும். ‘என்ன வேண்டும்?’ என்று அவர்கள் கேட்டபோது, நாங்கள் கொட்டேஷன் வாங்கி இயந்திரப் பட்டியல் கொடுத்தோம். அந்த இயந்திரங்களின் முன்னால் யார் உட்காரப் போகிறார்கள், அவர்களுக்கு மாதாமாதம் யார் சம்பளம் கொடுப்பது என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு நிறுவனங்களோடு ஒழுங்காக வேலை செய்து, மாடியின் வலதுகோடியில் ஒரு கூடத்தை உருவாக்கி நிலைநிறுத்தியிருக்கிறோம். கோவைப் பக்கம் ஒரு நடுத்தரப் பல்கலைக்கழகத்தில் இது நடந்தது; ஐஐடி வசதியெல்லாம் கிடையாது. இதே முயற்சியில் இறங்கும் இளைய ஆசிரியர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், பட்டதை எழுதி வைக்கிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ஒரு நிறுவனத்துக்குச் சட்டைப்பை ஒன்றல்ல, மூன்று. எந்தப் பையிலிருந்து பணம் வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் அதை வைத்து என்ன செய்யலாம் என்பது முடிவாகிறது. இது எனக்குப் புரிய ஐந்து வருடம் ஆனது.

ஒன்று, ஆளெடுக்கும் துறையின் பை. பித்தளைப் பலகை வந்தது இதிலிருந்துதான். கல்லூரிக்குள் பெயர் தெரிய வேண்டும், வளாகத் தேர்வுக்கு நல்ல பிள்ளைகள் வரிசையில் நிற்க வேண்டும். இதில் தப்பில்லை. ஆனால் பலகை மாட்டிய அன்றே அவர்களுடைய நோக்கம் நிறைவேறிவிடுகிறது. அதற்கப்புறம் அந்த அறையில் என்ன நடக்கிறது என்று கேட்க அவர்களுக்குக் காரணமே இல்லை.

இரண்டாவது, சிஎஸ்ஆர் பை, அதாவது நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். இந்தப் பணத்துக்கான போன் பெரும்பாலும் பிப்ரவரி கடைசியில் வரும். ‘சார், மார்ச் 31க்குள்ள செலவு காட்டணும், ஏதாச்சும் ப்ரபோசல் ரெடியா இருக்குங்களா?’ அந்த அவசரத்தில் கம்ப்யூட்டர்தான் வாங்க முடியும், ஆராய்ச்சி நடக்காது. ஆனால் விதியிலேயே ஒரு வழி இருக்கிறது. நிறுவனத்தின் இயக்குநர் குழு அதைத் ‘தொடரும் திட்டம்’ என்று ஒப்புக்கொண்டால், தொடங்கிய நிதியாண்டைத் தவிர்த்து இன்னும் மூன்று ஆண்டுகள் வரை செலவிடலாம். இதை நீங்களாகக் கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. சிஎஸ்ஆர் பணம் அந்த நிறுவனத்தின் சொந்த வியாபார வேலைக்குப் போகக் கூடாது. ‘பணம் சிஎஸ்ஆர்ல தர்றோம், அப்படியே எங்க ப்ராடக்டுக்கு ஒரு மாடல் செஞ்சு கொடுங்க’ என்று ஒருவர் கேட்டார். இரண்டும் ஒன்றாக வராது என்று சொல்ல எனக்கு அன்றைக்குத் தெரிந்திருந்தது, நல்லவேளை.

மூன்றாவதுதான், பொருளை உருவாக்கும் பிரிவின் சொந்தப் பை. இதில் பணம் குறைவு, கேள்வி அதிகம், கையெழுத்தாக ஏழெட்டு மாதம் ஆகும். ஆனால் ஆராய்ச்சிக்கூடத்தை வளர்ப்பது இந்தப் பைதான். ஏனென்றால் பணத்தோடு ஒரு ஆளும் கூடவே வருவார். தலைவலி உள்ள ஆள்.

எங்களுக்கு அப்படி ஒருவர் 2018இல் கிடைத்தார். கோவையின் கொடிசியா வளாகத்தில் ஒரு ஜவுளி இயந்திரக் கண்காட்சி. பழைய மாணவன் ஒருவன் வேலை செய்யும் நூற்பு இயந்திரக் கம்பெனியின் ஸ்டாலுக்குப் போயிருந்தேன். அவனுடைய மேலாளர் அங்கே இருந்தார். டிப்ளமோ முடித்து ஷாப் ஃப்ளோரில் தொடங்கி மேலே வந்தவர். நான் செயற்கை நுண்ணறிவு, முன்கூட்டியே பழுது கண்டறிதல் என்றெல்லாம் ஐந்து நிமிடம் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘சார், உங்க பசங்க ரிங் ஃபிரேம் பக்கத்துல ஒரு ஷிப்டு நின்னிருக்காங்களா?’ என்றார்.

‘இல்லைங்க.’

‘அப்ப முதல்ல அதுங்க. பணத்தை அப்புறம் பேசிக்கலாம்.’

நான்கு மாணவர்களோடு ஒரு நூற்பாலையில் இரவு ஷிப்டு முழுக்க நின்றோம். ரிங் ஃபிரேம் என்பது பஞ்சை நூலாக முறுக்கும் இயந்திரம். ஒன்றில் நூலைச் சுற்றும் கதிர்கள், அதாவது ஸ்பிண்டில்கள், ஆயிரத்துக்கும் மேல், ஒவ்வொன்றும் நிமிடத்துக்குப் பதினெட்டாயிரம் சுற்று. பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. பஞ்சுத் தூசி புருவத்தில் வெள்ளையாகப் படிந்துவிடும். இழை அறுந்தால் ஒட்டும் சைடர் அம்மா ஒருவர், வரிசையில் நடந்துகொண்டே போய் ஒரு ஸ்பிண்டில் பக்கம் நின்று, விரலை அதன் கீழ்ப்பக்கம் வைத்துப் பார்த்து, ஃபிட்டரைக் கை காட்டிக் கூப்பிட்டார். எப்படித் தெரிந்தது என்று பிறகு கேன்டீனில் கேட்டேன். ‘சத்தம் மாறுதுங்களே’ என்றார், இதையெல்லாமா கேட்பார்கள் என்ற தோரணையில். எங்கள் மாணவர்களுக்கு அந்த மொத்த ஷிப்டும் ஒரே இரைச்சலாகத்தான் கேட்டிருந்தது.

அதிலிருந்துதான் எங்கள் திட்டத்தின் கேள்வி பிறந்தது. ஆயிரம் ஸ்பிண்டிலுக்கு ஆயிரம் சென்சார் வைக்கக் கட்டுப்படியாகாது. சில சென்சார்களை மட்டும் வைத்து, எந்த ஸ்பிண்டில் கெடப்போகிறது என்று சொல்ல முடியுமா? இந்தக் கேள்வியை ஏசி அறையில் உட்கார்ந்து நாங்கள் யோசித்திருக்கவே முடியாது.

பணப் பேச்சு 2019 தொடக்கத்தில் வந்தது. பழைய பாடத்தை நினைவில் வைத்து, இம்முறை பட்ஜெட்டை ஆட்களிலிருந்து ஆரம்பித்தேன். அப்போது ஜேஆர்எஃப், அதாவது இளநிலை ஆராய்ச்சி மாணவருக்கான உதவித்தொகை, மாதம் 31,000 ரூபாயாக உயர்ந்திருந்தது. கோவைக்கு வீட்டு வாடகைப்படி 16 சதவீதம். ஆக ஒருவருக்கு மாதம் 35,960, வருடத்துக்கு 4,31,520. இப்படி இரண்டு பேர். அப்புறம் ஒரு திட்டப் பொறியாளர், மாதம் 45,000. ஆட்களுக்கு மட்டும் பதினான்கு லட்சத்தைத் தாண்டிவிட்டது. சென்சார், சில்லறைச் சாமான், ஆலைக்குப் போய்வரும் செலவு எல்லாம் சேர்த்து மூன்று லட்சம். பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ளும் பங்கு 15 சதவீதம். கூட்டினால் இருபது லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. கடிதத்தில் ‘வருடத்துக்கு 20 லட்சம், மூன்று வருடம்’ என்று எழுதினேன். பட்டியலில் ஒரு கம்ப்யூட்டர்கூடக் கிடையாது. மேலாளர் பார்த்துவிட்டு, ‘மெஷின் ஒண்ணும் கேக்கலீங்களே?’ என்றார். கூடத்துக்கு ஆள்தான் வேண்டும் என்றேன். சிரித்தார். அவருக்குப் புரிந்தது, அவர் ஷாப் ஃப்ளோர்க்காரர்.

இவ்வளவு சாமர்த்தியமாகக் கணக்குப் போட்ட நான் ஜிஎஸ்டியை மறந்துவிட்டேன். நிறுவனம் கொடுக்கும் ஆராய்ச்சித் திட்டத்துக்கு அப்போது 18 சதவீதம். நான் எழுதிய 20 லட்சத்துக்கு மேல் வரி என்று நான் நினைத்தேன். வரி உட்பட 20 லட்சம் என்று அவர்களுடைய கணக்குப் பிரிவு நினைத்தது. கடிதத்தில் இரண்டில் ஒன்று எழுதியிருந்தால்தானே! முடிவில் அவர்கள் பக்கமே ஜெயித்தது. 20 லட்சத்தை 1.18ஆல் வகுத்தால் 16.95 லட்சம். மூன்று லட்சத்துச் சொச்சம் போய்விட்டது, வருடா வருடம். ஒரு ஆராய்ச்சி மாணவரின் எட்டரை மாத உதவித்தொகை. ‘வரி தனி’ என்று இரண்டு சொல் எழுதாததற்கு விலை. போதாக்குறைக்கு முதல் தவணையில் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே கழிக்கும் வருமான வரி) வேறு பிடித்துவிட்டார்கள். விலக்குச் சான்றிதழை முன்கூட்டியே அனுப்பியிருக்க வேண்டும், அனுப்பவில்லை.

இந்த வரிச் சங்கதி இப்போது மாறியிருக்கிறது. 2024 செப்டம்பரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், அரசு அமைப்புகளும், 1961 வருமான வரிச் சட்டத்தின் 35ஆம் பிரிவின்கீழ் அறிவிக்கப்பட்ட ஆராய்ச்சி அமைப்புகள், பல்கலைக்கழகங்கள், கல்லூரிகளும் அரசு அல்லது தனியார் மானியத்தில் செய்யும் ஆராய்ச்சிக்கு விலக்கு அளிக்கப் பரிந்துரைத்தது. அடுத்த மாதமே அது நடைமுறைக்கு வந்தது. உங்கள் நிறுவனம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா, உங்களுக்கு வருவது மானியமா ஆலோசனைக் கட்டணமா என்பதை, கடிதம் எழுதுவதற்கு முன்பே ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். பின்னால் போய்க் கேட்டால் அவர் ‘ஏன் சார் முன்னாடியே கேக்கல?’ என்பார், நமக்குத் தலையைச் சொறிவதைத் தவிர வேறு பதில் இருக்காது.

அடுத்தது ஒப்பந்தம். நிறுவனத்தின் சட்டப் பிரிவிலிருந்து வந்த முதல் வரைவைப் பார்த்துத் துறையே சிரித்தது. உதிரி பாகம் வாங்கும் பர்ச்சேஸ் ஆர்டர் படிவத்தை எடுத்து, ‘பொருள்’ என்ற இடத்தில் ‘ஆராய்ச்சி’ என்று மாற்றியிருந்தார்கள். தாமதமானால் வாரத்துக்கு அரை சதவீதம் அபராதம். தரமற்றதாக இருந்தால் நிராகரித்து, எங்கள் செலவில் லாரியில் திருப்பி அனுப்புவார்களாம். சிரித்துவிட்டோமே தவிர, அப்படியே கையெழுத்துப் போட்டிருந்தால் அழுதிருப்போம். அபராதப் பிரிவை நீக்கவே இரண்டு மாதம். ‘முயற்சிக்குத்தான் பொறுப்பேற்போம், முடிவுக்கு அல்ல’ என்ற ஒரு வாக்கியத்துக்காக மூன்று முறை அவர்கள் அலுவலகத்துக்கு ஏறி இறங்கினேன்.

அதைவிட முக்கியமானது கட்டுரை வெளியிடும் உரிமை. ‘நிறுவனத்தின் எழுத்துபூர்வ அனுமதியின்றி எதையும் வெளியிடக் கூடாது’ என்று போட்டிருந்தார்கள். மேலாளருக்கு இதில் கெட்ட எண்ணம் இல்லை, அவர்கள் தொழிலில் அது வழக்கமான வரி. ஆனால் அந்த அனுமதி வராமலே போனால் என் மாணவரின் பிஎச்டி என்ன ஆவது? கடைசியில் இப்படிப் பேசி முடித்தோம்: கட்டுரையை அனுப்புவதற்கு முன் அவர்களுக்குக் காட்டுவோம், 45 நாளுக்குள் ஆட்சேபம் இருந்தால் சொல்ல வேண்டும், வாய் திறக்காவிட்டால் சம்மதம். ஆலையின் பெயரும் எண்களும் வெளியே போகாது, முறையை வெளியிடலாம். இந்த ‘வாய் திறக்காவிட்டால் சம்மதம்’ எங்களை நான்கு முறை காப்பாற்றியது. நான்கு கட்டுரைக்கும் அவர்களிடமிருந்து பதிலே வரவில்லை.

அறிவுச்சொத்துக்கும் அதே போலத்தான். தரவு அவர்களுடையது, மென்பொருளும் முறையும் எங்களுடையது, அவர்கள் காசில்லாமல் பயன்படுத்திக்கொள்ளலாம். நான் வாதாடும்போது அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைத்தான் எடுத்துக்காட்டினேன். 2008இல் இன்டெல்லும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து, பெர்க்லி, இல்லினாய் என்ற இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு ஐந்தாண்டுகளுக்கு 2 கோடி டாலர் கொடுத்தன. பெர்க்லியில் அந்தப் பணத்தில் நடந்த கூடத்தில்தான் 2010இல் ரிஸ்க்-ஃபைவ் (கணினிச் செயலி புரிந்துகொள்ளும் கட்டளைகளின் தொகுதி) தொடங்கியது, ஒரு கோடைக்கால வேலையாக. யார் வேண்டுமானாலும் உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள். இன்டெல் கொடுத்த பணத்தில், இன்டெல்லின் கட்டளைத் தொகுதிக்கே போட்டியாக நிற்கக்கூடிய ஒன்று வளர்ந்தது. அதே ரிஸ்க்-ஃபைவை அடிப்படையாகக் கொண்டு ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் காமகோடியின் குழு சக்தி செயலியை வடிவமைத்தது. 2018இல் அதன் ஒரு சிப்பை 22 நானோமீட்டரில் அச்சிட்டுக் கொடுத்ததும் இன்டெல் ஆலைதான். இதைக் கேட்டுவிட்டுச் சட்டப் பிரிவின் அம்மையார், ‘நாங்க இன்டெல் இல்லைங்க சார்’ என்றார். சரிதான். இருந்தாலும் வாக்கியத்தை மாற்றிக் கொடுத்தார்.

பெர்க்லிக்காரர்களிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட இன்னொரு வழக்கம் உண்டு. வருடத்துக்கு இரண்டு முறை, பணம் கொடுத்தவர்களையும் மாணவர்களையும் ஊருக்கு வெளியே ஒரே இடத்தில் உட்காரவைப்பார்கள். மாணவர்கள் பாதியில் நிற்கும் வேலையைச் சொல்வார்கள், வந்தவர்கள் கிழிப்பார்கள். நாங்கள் ஊட்டிக்கெல்லாம் போகவில்லை. மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மேலாளர் இங்கே வருவார், மதியச் சாப்பாடு எங்கள் மெஸ்ஸில், அதற்கப்புறம் மூன்று மணி நேரம் கரும்பலகை முன்னால். இது ஒப்பந்தத்திலேயே இருந்தது. நான்தான் போடச் சொன்னேன். மூன்று வருடத்தில் நான் செய்த புத்திசாலித்தனமான காரியம் அது ஒன்றுதான் என்று என் மனைவிகூட ஒப்புக்கொள்வாள்.

ஏன் என்று சொல்கிறேன். முதல் வருடம் மாணவர்கள் மலிவாக ஒரு சென்சார் வாங்கி ஃபிரேமில் ஒட்டினார்கள். விநாடிக்கு 400 முறை அதிர்வைப் பதிவு செய்யும். வரைபடத்தில் 100 ஹெர்ட்ஸில் ஒரு கோடு அழகாக எழும்பி நின்றது. ஒரே கொண்டாட்டம். அந்தக் கோட்டை நம்பி மாடல் செய்து, கட்டுரையின் முதல் வரைவும் எழுதியாகிவிட்டது. வியாழக்கிழமை வந்த மேலாளர் வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ‘ஸ்பிண்டில் வேகம் ஏறுற நேரத்துல உங்க கோடு ஏன் இறங்குது?’

யாருக்கும் பதில் தெரியவில்லை, எனக்கும்தான். அவர் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரம் எங்களை ஆலைக்கு வரச்சொல்லி, கைப்பையிலிருந்து ஸ்ட்ரோபாஸ்கோப் விளக்கை எடுத்தார். ஸ்பிண்டில் வேகத்தைப் பார்க்க ஆலைகளில் வைத்திருக்கும் பளிச்சிடும் விளக்கு. இயந்திரத்தை நிறுத்தி ஒரு ஸ்பிண்டிலில் சாக்பீஸால் கோடு போட்டு, மறுபடி ஓடவிட்டார். நிமிடத்துக்குப் பதினெட்டாயிரம் முறை பளிச்சிட வைத்ததும் கோடு அப்படியே நின்றது. ஒன்பதாயிரத்துக்குக் குறைத்தார், அப்போதும் நின்றது. மறுபடி பதினெட்டாயிரத்துக்குக் கொண்டுவந்து குமிழை ஒரு மயிரிழை கூட்டினார். ஸ்பிண்டில் மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றத் தொடங்கியது. சுற்றுவது உண்மையில் முன்னோக்கித்தான், அதே வேகத்தில். ‘இதுதான் உங்க சென்சாரு’ என்றார்.

பதினெட்டாயிரத்தை அறுபதால் வகுத்தால் விநாடிக்கு 300. அதைப் பிடிக்கக் குறைந்தது 600 முறைக்கு மேல் பதிவு செய்ய வேண்டும் என்பது இளநிலைப் பாடம். நானே வருடா வருடம் நடத்துவது. 400 முறை பதிவு செய்தால் 300 என்பது 100ஆகப் பொய் முகம் காட்டும். வேகம் 305க்கு ஏறினால் 95க்கு இறங்கும். மாணவர்கள் முகம் தொங்கிப்போனது. அந்த இரைச்சலில் நான் ஏதோ சொல்லிச் சமாளித்தது யார் காதிலும் விழவில்லை என்பது ஆறுதல். அந்தக் கட்டுரை வெளியே போயிருந்தால் எங்கள் மானம் போயிருக்கும். அடுத்த சென்சாரை விநாடிக்குப் பல்லாயிரம் முறை பதிவு செய்யும் தரத்தில் வாங்கினோம். வாங்கும் முன் அவரிடம் காட்டினோம்.

நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் வருடம் நிறுவனம் அவசரமாக ஒரு டாஷ்போர்டு, அதாவது இயந்திர நிலவரத்தைக் காட்டும் கணினித் திரை, கேட்டது, ஏதோ வெளிநாட்டு வாடிக்கையாளருக்குக் காட்ட. திட்டப் பொறியாளர் விடுப்பில் இருந்தார். பிஎச்டி மாணவியை, ‘ஒரு மாசம் பார்த்துக்கொடும்மா’ என்றேன். ஒரு மாதம் ஆறு மாதமானது. நிறம் மாற்று, பொத்தானை இடம் மாற்று, அறிக்கை அச்சாக வேண்டும் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஆய்வுக்குழுக் கூட்டத்தில் வெளித்தேர்வாளர், ‘இந்த ஆறு மாதத்தில் ஆராய்ச்சி எங்கே?’ என்று கேட்டபோது அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து கூடத்தில் ஒரு விதி: நிறுவனத்தின் அவசர வேலை திட்டப் பொறியாளரோடு நின்றுவிடும். அவர் இல்லையென்றால் அவர் வரும்வரை காத்திருக்கட்டும். நிறுவனங்கள் காத்திருக்கும், நாம்தான் காத்திருக்க மாட்டார்கள் என்று பயப்படுகிறோம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ஆலைகள் நின்றன, இயந்திரம் வாங்க ஆளில்லை. ஏப்ரலில் வர வேண்டிய தவணையை நிறுவனம் நிறுத்தி வைத்தது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது; அவர்களே பாதிச் சம்பளத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஒப்பந்தத்தில் தவணை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, முன்பணமாக. அதனால் கையில் கொஞ்சம் இருந்தது. செலவு செய்துவிட்டுப் பில் அனுப்பி வாங்கும் முறையில் கையெழுத்துப் போட்டிருந்தால் மே மாதமே மூன்று பேரையும் வீட்டுக்கு அனுப்பியிருப்போம். பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ளும் 15 சதவீதத்தில் பாதியைக் கூடத்தின் பெயரில் தனிக் கணக்கில் போட வேண்டும் என்று தொடக்கத்திலேயே சண்டை பிடித்து வாங்கியிருந்தேன். நிதி அலுவலருக்கு அப்போது என்மேல் கோபம். ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாத உதவித்தொகையும் அந்தக் கணக்கிலிருந்துதான் போனது. தவணை அக்டோபரில் வந்து சேர்ந்தது.

இரண்டாவது நிறுவனம் பெங்களூருவிலிருந்து வந்தது, 2021இல். அவர்கள் கொடுத்தது பணமல்ல, நான்கு ஜிபியு (பெரிய கணக்குகளை வேகமாகப் போடும் சிப்) பூட்டிய ஒரு சர்வர். இயந்திரம் என்றாலே எனக்கு அப்போது ஒவ்வாமை; ஆனால் இம்முறை அதை இயக்க ஆட்கள் இருந்தார்கள், அதனால் சரி என்றேன். அன்பளிப்பை ஏற்க நிர்வாகக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்பது பெட்டி வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது. நான்கு மாதம் அந்தப் பெட்டி காவலாளி அறையில், அவருடைய டிபன் கேரியருக்கு மேசையாக இருந்தது. ஒப்புதல் வந்த பிறகு பார்த்தால், முழுவீச்சில் ஓடும்போது ஒன்றரை கிலோவாட்டுக்கும் மேல் இழுக்கிறது. அத்தனையும் சூடாக அறைக்குள்ளேயே இறங்குகிறது. அதற்கு ஒரு தனி மின் இணைப்பு, ஒழுங்கான எர்த், இருபத்து நான்கு மணி நேரமும் மாறி மாறி ஓட இரண்டு ஏசி. இலவசச் சர்வருக்கு எங்கள் செலவு மூன்று லட்சத்தைத் தொட்டது. அன்பளிப்புக் கடிதத்திலேயே, ‘நிறுவுவதற்கும் மூன்று வருடப் பராமரிப்புக்கும்’ என்று ஒரு தொகையைச் சேர்த்துக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். பின்னால் அவர்களே சொன்னார்கள்: ‘நீங்க கேக்கவே இல்லையே.’

அந்த அனுபவத்தில், 2022இல் அவர்களோடு போட்ட அடுத்த ஒப்பந்தத்தில் எல்லாவற்றையும் கேட்டேன், ஒன்றைத் தவிர. 2023 ஜனவரியிலிருந்து ஜேஆர்எஃப் 37,000ஆக உயர்ந்தது. ‘உதவித்தொகை அரசு விதிப்படி உயர்ந்தால் வித்தியாசத்தை நிறுவனம் தரும்’ என்ற வரி இல்லை. பயணச் செலவை வெட்டித்தான் ஈடுகட்டினோம்.

நூற்பு இயந்திர நிறுவனத்தோடு மூன்று வருடம் 2022இல் முடிந்தது. அவர்கள் நீட்டிக்கவில்லை. மேலாளர் ஓய்வு பெற்றார். புதிதாக வந்தவருக்கு எங்களைத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் அவருக்கு நேரமில்லை. எங்கள் முறை அவர்களுடைய இயந்திரத்தில் ஏறியதா என்று கேட்பவர்களுக்கு, பாதி ஏறியது என்பேன். தாங்கி (பேரிங்) தேய்வதை இரண்டு மூன்று நாள் முன்னால் கண்டுபிடிக்க முடிகிறது. எந்த ஸ்பிண்டில் என்று துல்லியமாகச் சொல்வதில் அந்த சைடர் அம்மாவை இன்னும் எட்டவில்லை. அந்த டாஷ்போர்டு மாணவி பிஎச்டி முடித்துவிட்டாள். திட்டப் பொறியாளரை நிறுவனமே எடுத்துக்கொண்டது, எங்களுக்குச் சொல்லாமல். அதற்கும் ஒப்பந்தத்தில் ஒரு வரி போட்டிருக்கலாம்.

மேலாளர் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வியாழக்கிழமை வந்தபோது, ஸ்ட்ரோபாஸ்கோப்பை எங்கள் மேசையில் வைத்துவிட்டு, ‘பசங்களுக்குக் காட்டறதுக்கு வெச்சுக்கங்க’ என்று போனார். அது கூடத்தின் இருப்புப் பதிவேட்டில் இல்லை, அன்பளிப்புக் கடிதமும் கிடையாது. ஒவ்வொரு மார்ச்சிலும் தணிக்கைக்கு வருபவர் அலமாரியைத் திறந்து, இது யாருடையது என்று கேட்பார். கம்பெனியோடதுங்க, திருப்பிக் கொடுக்கணும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.